டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம்

பிராக்டிக்கல் என்பதைச் செய்தித்தாளில் நடைமுறை என்று எழுதுகிறார்கள். டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து கத்தும்போது யதார்த்தம் என்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் எங்கள் தெருவில் அதற்கு நிர்மலா அக்கா என்று பெயர். "கொஞ்சம் நிர்மலா அக்கா மாரி யோசி" என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் புரியும்.

ஆனால் ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். தெரு ஆண்கள் பிராக்டிக்கல் என்று சொன்னால் கெட்டிக்காரி என்று பொருள். அக்காவின் நாத்தனார் அதே சொல்லைச் சொன்னால் கல்நெஞ்சக்காரி. பக்கத்து வீட்டு அஸ்ரப் நிஷா இரண்டுக்கும் நடுவில் நின்று சொல்வாள்: "எதனா கேட்டா டக்குனு வழி சொல்லிடுவாங்க. உக்காருன்னு சொல்லத்தான் மறந்துடுவாங்க."

எனக்கு அக்காவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். என் சமையலறை ஜன்னல் அவர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதை அங்கே வைத்தது கொத்தனார். என்னைக் குறை சொல்லி என்ன பயன்?

போன வருஷம் அவர் வீட்டுக்காரர் காசிநாதன் சார் இறந்தபோது நடந்ததை வைத்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம். கூடத்தில் சாரைக் கிடத்தியிருக்கிறது. பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அக்கா எழுந்து வாசலுக்கு வந்தார். ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தவரிடம், "மத்தியானம் வெயிலு இந்தாண்ட திரும்பிடும். இப்பவே மேக்கால இழுத்துக் கட்டிடு, இன்னொரு தபா அவுத்துக் கட்டினு இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு வெயிலைப் பார்த்தார்கள். சரியாகத்தான் சொல்லியிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே சாரின் சட்டைகள் எல்லாம் மூட்டையாகப் போய்விட்டன. "போட ஆளில்ல. வெச்சினு இன்னா பண்றது?"

கேள்வி நியாயம்தான்.

அக்காவின் சமையல் கைக்கு ஒரு கோளாறு மட்டும் இருந்தது. அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ வருஷம் அண்டா அண்டாவாகச் சமைக்க வைத்துப் பழகிய கை. சாருக்கும் அவருக்கும் என்று சமைத்தபோதே மிஞ்சும். மகள் ஷாலினி பெங்களூரில். சாரும் போன பிறகு அந்தக் கை சுருங்கவே இல்லை. ஒரு ஆளுக்குக் காரக்குழம்பு வைத்தால் ஒரு தெருவுக்கு வரும். வீணாக்குவது அவர் அகராதியில் கிடையாது. ஆகவே எங்களுக்கு வரும்.

விளிம்பில் "கா.நி." என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணங்களில் வரும். அஸ்ரப் நிஷா வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மூன்றாவது வீட்டு எழில்மதிக்கு ஒன்று. குழம்பு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். விடுதிக் குழம்பு விடுதிக் குழம்புதான். ஆனால் வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாதே. எந்த வீட்டிலும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு முறுக்காவது, நாலு முருங்கைக்காயாவது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நோன்பு மாதத்தில் அஸ்ரப் நிஷா கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள்.

கொடுக்கப் போகிறவள் கொடுத்துவிட்டு உடனே திரும்புவாளா? வாசல்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம். தினமும் நாலு மணி சுமாருக்கு அக்கா வீட்டு வாசலில் எங்களில் ஒருத்தி நிற்பாள். அக்கா பேச மாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் கேட்கவும் மாட்டார், உள்ளே டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், கண் அங்கே போகும்.

ஒரு நாள் எழில்மதி கொண்டுவந்த சர்க்கரையைப் பார்த்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பழக்கம் இது? நான் கொழம்பு குடுப்பேன், நீங்க சக்கரை குடுப்பீங்க. எனக்கே சுகர். டப்பா டப்பாவா ரொம்பிப்போய்க் கெடக்குது. எறும்புக்குத்தான் ஜாஸ்தி."

"வெறுங்கிண்ணமா எப்படிக்கா குடுக்கறது?"

"அப்ப கிண்ணமே வேணாம்" என்றார் அக்கா.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், ஓட்டல்காரர்கள் பார்சல் கட்டிக் கொடுக்கிற கறுப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை ஒரு பெரிய கட்டாக வாங்கிவந்தார். அன்றைய சாம்பார் அதில் வந்தது. வீடு வீடாக வந்து விளக்கமும் கொடுத்தார்.

"இனிமே இதான். சாப்டு தூக்கிப் போட்டுடுங்க. டப்பாவ திருப்பித் தர வேணாம். ஒங்களுக்குக் கழுவற வேல இல்ல. எனக்கும் எந்தக் கிண்ணம் யாரு வூட்ல கீதுன்னு தேடினு இருக்கற வேல இல்ல."

"அக்கா மூளையே மூளை!" என்றாள் அஸ்ரப் நிஷா.

நானும் ஆமாம் போட்டேன். அதில் குறை என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் எல்லாருக்கும் சௌகரியம்.

அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை.

இதைச் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கும் அவர்மேல் ஒரு துளி கோபம் கிடையாது. போவதற்கு ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான். வேலை இல்லாமல் ஒருத்தர் வீட்டுப் படியில் போய் நின்றால் அவர் "இன்னா?" என்று கேட்பார். அக்கா கட்டாயம் கேட்பார். அதற்கு என்ன சொல்வது? டப்பாக்கள் மட்டும் எங்கள் வீடுகளில் பெருகின. தூக்கிப் போட யாருக்கும் மனசில்லை. என் வீட்டில் கடுகு, வெந்தயம் எல்லாம் அதற்குள்தான். அஸ்ரப் நிஷாவின் வீட்டுக்காரர் உமர் பாரூக் தன் செருப்புக் கடைக்கு எடுத்துப்போய் ஆணி, பக்கிள் எல்லாம் பிரித்துப் போட்டு வைத்துக்கொண்டார்.

என் ஜன்னலில் வேறு காட்சி ஓடியது. நாலு மணிக்கு அக்கா வெளியே வருவார். காலையிலேயே பெருக்கிய வாசலை இன்னொரு தடவை பெருக்குவார். கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார், எடுத்துப் பார்ப்பார். தெருவின் இந்த முனை, அந்த முனை என்று பார்த்துவிட்டு உள்ளே போவார். முன்பெல்லாம் செய்தி வாசிக்கிற சத்தம் வாசல்வரைதான் கேட்கும். இப்போது அந்தச் சத்தம் ரொம்பவும் கூடியது. ஆளில்லாத வீட்டில் டி.வி. மட்டும் கத்தினால் தெருவே காலியாகிவிட்ட மாதிரி இருக்கும்.

குழம்பு குறையவில்லை. அதிகமாயிற்று. வாரத்தில் நாலு நாள் வந்தது தினமும் வர ஆரம்பித்தது. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி: "உப்பு சரியா இருந்ததா?" அஸ்ரப் நிஷா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்புவாள். எழில்மதி இரண்டு கட்டைவிரல். நான் "சூப்பர்க்கா" என்று எழுத்திலேயே போடுவேன். மரியாதை தெரிந்தவள் இல்லையா?

ஒரு நாள் கிண்ணம் மறுபடியும் வந்தது.

"சூடானத பிளாஸ்டிக்ல ஊத்தினா ஒடம்புக்கு ஆவாதாம்" என்றார் அக்கா. தான் சொன்னது தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. பழியை பிளாஸ்டிக் ஏற்றுக்கொண்டது.

அன்று முதலில் போனது அஸ்ரப் நிஷா வீட்டுக்கு. நான் அப்போது அங்கேதான் இருந்தேன், அவள் புது மிக்ஸியைப் பார்க்க.

"இந்தா நிஷா. கிண்ணத்த மெதுவா குடு. அவசரமில்ல."

"இருங்கக்கா, இருங்க" என்று அவள் கிண்ணத்தை வாங்கி உள்ளே ஓடினாள். குழம்பைத் தன் பாத்திரத்தில் கவிழ்த்து, குழாயில் ஒரு அலசு அலசி, புடவைத் தலைப்பில் துடைத்து, வந்த வேகத்தில் அக்கா கையில் வைத்துவிட்டாள். "ஆச்சு. ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

அக்கா கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"வெறுங்கிண்ணமாத்தான் குடுக்கறேன்க்கா. பழக்கம் வழக்கம்னு பாத்துகினு இருக்கக் கூடாது. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா" என்றார் அக்கா. "அதான் சரி."

கொஞ்ச நேரம் நின்றார். உமர் பாரூக் சாப்பாட்டுக்கு வருகிற நேரம், அஸ்ரப் நிஷாவின் கண் அடுப்பில் இருந்தது. அக்கா கிளம்பி எழில்மதி வீட்டுக்குப் போனார். அங்கேயும் நிற்கவைத்தே மாற்றிக் கொடுத்துவிட்டாள். கடைசியில், அதற்குள் நான் வந்து சேர்ந்திருந்த என் வீடு. எனக்குக் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, அதற்கு நான் என்ன செய்ய? மூன்று காலிக் கிண்ணங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு அக்கா தெருவைக் கடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் நடை என்றும் விறுவிறுவென்று இருக்கும். அன்று அப்படி இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் அவர் பையோடு கேட்டைப் பூட்டுவது தெரிந்தது. விடுவேனா? துடைப்பத்தோடு வெளியே வந்தேன்.

"எங்கக்கா?"

"மலைக்கு."

"இன்னா வேலையா?"

"ஆயம்மாளப் பாக்கணும்." ஆயம்மாள் அந்த விடுதியில் அக்காவிடம் சமையல் வேலை பார்த்தவர். வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூரில் இருப்பவர்.

"பாத்து?"

"பாத்துட்டு வரணும்" என்றார் அக்கா. அவருக்கே அது போதவில்லை போலிருந்தது. பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

காரணம் தெரியாமல் அன்றைக்கு முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. "எனக்கும் மலையப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைக்கா" என்று சொல்லி, பத்தே நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் நான். கோமுகி அணை தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அக்கா முகம் மட்டும் மேலே ஏற ஏறத் தெளிந்தது. இறங்கி மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே நடந்தோம். எனக்கு முன்னால் அக்கா, பழைய நடையில்.

ஆயம்மாள் வாசலில் சாமை காய வைத்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"வார்டம்மா! வாங்க, வாங்க! இன்னா விஷயமா வந்தீங்க?"

"இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் யாரு வூட்டுக்கும்மா?"

"யாரு வூட்டுக்கும் இல்ல. நீ எப்படி கீற?"

"நான் நல்லா கீறேம்மா. ஆஸ்டல் விஷயமா எதனா? கையெழுத்து கிய்யெழுத்து?"

"அதெல்லாம் இல்ல."

ஆயம்மாளின் முகத்தில் கலக்கம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்த வார்டனுக்கு ஏதோ பெரிய சங்கடம், அதைச் சொல்லாமல் மறைக்கிறார் என்றே நினைத்திருப்பார். என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தால்தானே நான் சொல்ல! அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடுக்கா" என்றார் திடீரென்று. "கடுக்கா கொஞ்சம் வேணும்னு வந்தேன்."

"அட, இதானா!" ஆயம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது. அதன்பிறகு அந்த அம்மா காட்டிய வேகத்தை நான் எங்கும் கண்டதில்லை. உள்ளே போனார், சாக்கை இழுத்து வந்தார், சொத்தையைப் பொறுக்கி எறிந்தார், நல்லதாக ஒரு பை நிறைய அள்ளிக் கட்டினார். நாங்கள் கட்டிலில் சரியாக உட்கார்ந்துகூட முடிக்கவில்லை.

"எந்திரிங்கம்மா, எந்திரிங்க. நீங்க வந்த பஸ்ஸு திரும்புற நேரம். இத வுட்டா அப்புறம் சாயங்காலம்தான்."

"சாயங்காலமே போறேனே" என்றார் அக்கா.

"ஐயோ, எதுக்கு காத்துகினு கெடக்கணும்? வந்த வேலய முடிச்சா கெளம்பிடணும்னு நீங்கதான சொல்லுவீங்க? டீ போட்டாக்கூட லேட்டாயிடும்மா, அதான் போடல."

பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவரே முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, எங்களை ஏற்றி, பையை அக்கா மடியில் வைத்து, கண்டக்டரிடம் "பத்திரமா எறக்கி வுடுங்க" என்று சொல்லி, எல்லாம் முடிந்த நிம்மதியில் கையை ஆட்டினார். அதில் ஒரு குறை சொல்லிவிட முடியாது.

கொஞ்ச தூரம் வந்த பிறகு அக்கா, "கெட்டிக்காரி" என்றார். "நான்தான் பழக்கினேன்."

நான் மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வளைவுகள் இன்னும் பாக்கி இருந்தன.

"ஞாயித்துக்கெழமைல புள்ளைங்களப் பாக்க அப்பா அம்மா வருவாங்க" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணும் பேச மாட்டாங்க. புள்ளையப் பக்கத்துல வெச்சினு அப்படியே உக்காந்துகினு இருப்பாங்க. நான் போயி, பாத்தாச்சில்ல, கெளம்புங்க, பஸ்ஸு பூடும்னு வெரட்டுவேன்."

"நல்லதுக்குத்தானக்கா."

"நல்லதுக்குத்தான்."

மடியிலிருந்த கடுக்காய்ப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கள்ளக்குறிச்சி வரும்வரை வேறு பேச்சு இல்லை. நான் பேசாமல் வந்த பயணம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

இரண்டு மூன்று நாள் குழம்பு வரவில்லை. வாட்ஸ்அப்பும் வரவில்லை. அஸ்ரப் நிஷா, "ஊருக்கு எதனா பூட்டாங்களா?" என்று கேட்டாள். போகவில்லை என்று எனக்குத் தெரியும். வாசலைப் பெருக்குவதையும் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நாலு மணி இருக்கும். டீ வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்க்கிறேன், எதிர் கேட் திறக்கிறது, அக்கா தெருவைக் கடக்கிறார், நேரே என் வீட்டுக்கு வருகிறார். நான் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது அவர் கையை. கிண்ணம் இல்லை, டப்பா இல்லை, பை இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னாக்கா? இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சும்மா வந்தேன்" என்றார். ரொம்ப நேரம் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பார் போல.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. நாற்காலியில் கிடந்த துணிகளை வாரிக் கட்டிலில் போட்டேன். டீ கொடுத்தேன், சர்க்கரை இல்லாமல். பிள்ளைகள் இரண்டும் காலேஜ் ஆஸ்டலில், வீட்டுக்காரர் வர இருட்டிவிடும். அந்த நாற்காலியில் அந்த நேரத்தில் துணியைத் தவிர வேறு எதுவும் உட்காருவதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

எனக்குத் தெரிந்த உபசாரம் ஒன்றுதான். ஊர்க்கதை. ஆரம்பித்தேன்.

"தேவிப்ரியா கீறாள்ல, முனை வூடு. சங்கராபுரத்து மாப்ளய வேணாம்னு சொல்லிட்டாளாம்க்கா. பொண்ணு பாக்க வந்தவன் போன்லயே இருந்தானாம்."

"அப்ப வேற மாப்ள பாக்கச் சொல்லு" என்றார் அக்கா.

அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

"எழில்மதி மாமியார்கிட்ட பேசறதே இல்லையாம். சமையல்ல தெனம் சண்டை."

"ரெண்டு அடுப்பு வெச்சுக்கச் சொல்லு."

"நம்ம தெருக்கொழாயில தண்ணி கலங்கலா வருதுன்னு அஸ்ரப் நிஷாவுக்கும் எதிர்வூட்டுக்கும்..."

"நகராட்சிக்குப் போன் போட்டா ஆள் வந்து பாப்பாங்க. நம்பர் நான் தரேன்."

ஒரு வாரம் வைத்து ஓட்ட வேண்டிய மூன்று கதைகள், டீ ஆறுவதற்குள் தீர்ந்துபோயின. அக்கா கையில் டம்ளர் காலி. என் கையிலும் காலி. இதற்குமேல் ஒன்றும் இல்லை. சாதாரணமாக அந்த இடத்தில் அவர் எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சுவர்க் கடிகாரம் அவ்வளவு சத்தமாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவராகவே "சரி, வரேன்" என்று சொல்லிவிடுவார், அப்புறம் இந்தப் பக்கம் வரவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்வேன். கொஞ்சம் உப்பு, காரம் கூடச் சேர்ப்பேனே தவிர, இல்லாததைச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"ஒங்களுக்கு விஷயம் தெரியாதாக்கா? பின்தெரு பாவாடை அண்ணன் வூட்ல இன்னிக்குக் காலைல ஒரே ரகளை."

அக்கா நிமிர்ந்தார்.

"தோசைக்கல்லு பறந்து வந்து வாசல்ல வுழுந்துச்சு. அந்தம்மா கத்தறாங்க, அவரு கத்தறாரு. நாய்கூட பயந்து ஓடிப்போச்சு..."

சொல்லிக்கொண்டே போகும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பாவாடையும் அவர் மனைவியும் மகனைப் பார்க்கத் திருப்பூர் போய் ஒரு மாதம் ஆகிறது. வீடு பூட்டிக்கிடக்கிறது. போகும்போது சாவியை நம்பிக்கையான ஆளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் போய்க் கதவைத் திறந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது நிர்மலா அக்கா.

நான் வாயை மூடினேன். அக்கா என்னையே பார்த்தார். இன்று காலையிலும் அந்த வீட்டுக்குள் நின்றிருப்பார். "அந்த வூடு பூட்டித்தான கீது?" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எந்தப் பிரச்சினையையும் அவர் அப்படித்தான் முடிப்பார்.

காலி டம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.